புதுப்பிப்பு: படிவயல் மண்சரிவு மாடலில் தப்பு எங்கே என்று தெரிந்தது

நீலகிரி படிவயல்களில் எங்கே மண் சரியும் என்று கணிக்க நான் போட்ட கணினி மாடலில், அங்கே பெரிய மண்சரிவுகள் நடந்த 2009 நவம்பர் மாதிரி மழை கொடுத்தும் ஒரு சரிவுகூட ஏன் இறங்கவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம், நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம் மட்டும் தரும் தரவு. ஒரே கட்டத்துக்குள் தட்டையான பாத்தியும் செங்குத்தான படிச்சுவரும் சராசரியாகி, சாய்வு குறைந்துவிடுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது தேவிபட்டினம் பக்கத்துக் கண்மாய்க்கரை. ராத்திரி மழைக்குப் பிறகு, கரையின் வெளிப்பக்கம் முழங்கால் ஆழத்துக்குத் தோல் உரிந்ததுபோல் இறங்கிக் கிடந்தது. கருவேல வேர் பிடித்த இடம் மட்டும் அப்படியே நின்றது. படியிலும் இதேதான், பாத்தியில் தேங்கும் நீர் சுவரின் அடியில் ஊறும். ஒட்டாத மண் முழுக்க நனைந்து, நீர் சரிவோடு இறங்கினால் பாதுகாப்பு எண் (மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையை, கீழே இழுக்கும் விசையால் வகுத்தது) காய்ந்த மண்ணில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகும். 1-க்குக் கீழே போனால் மண் நிற்காது.

இப்போது படிச்சுவரைத் தனியாக, வேர்ப்பிடிப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறேன். கீழே வீடுகள் இருக்கின்றன, அதனால் சரிபார்க்காமல் சரிவு அபாய வரைபடம் போடமாட்டேன்.