மூடியும் மூடாத மெயில்: உங்களுக்கு எப்படி நடந்தது?

பனியன் ஊர், திருப்பூர்:

லினக்ஸில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை மூடினால் சில நேரம் ஜன்னல் மட்டும் போய்விடும், ஆள் உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பார். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அது ஷிப்மென்ட் வாரத்தில் வாய்த்தது. காலை எட்டரைக்கு ஐகானை அழுத்தினால், ஏற்கனவே ஓடுகிறது, ஆனால் பதில் இல்லை என்று ஒரு பெட்டி. மூடிவிட்டு மறுபடி அழுத்தினாலும் அதே பெட்டி. அதற்குள் கட்டிங் மாஸ்டர் கதவோரம் வந்து நின்றுவிட்டார். துணி விரித்தாயிற்று, ஆட்கள் காத்திருக்கிறார்கள். "ஏனுங்க, வெட்டிரலாங்களா?"

பையர் அளவை மாற்றக்கூடும் என்று முந்தின நாளே எனக்குத் தெரியும். இருந்தும் "வெட்டுங்க" என்றேன். கால் மணி நேரம் கழித்து டெர்மினலில் கில் (ஓடுகிற ப்ரோகிராமை நிறுத்தும் கட்டளை) போட்டுத் திறந்தால், ராத்திரியே வந்த மெயில் முதல் வரியில் நிற்கிறது: செஸ்ட் அளவு 1 சென்டிமீட்டர் கூட்டவும்.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

கில் போட்டேன் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்களே, எந்த கில்? ஆடிட்டர் ஆபீசில் நானும் ஒருநாள் 9 போட்டேன். திறந்தால் தலைப்பு ஒன்று, உள்ளே கடிதம் வேறு. ஜிஎஸ்டி நோட்டீசை அழுத்தினேன், யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை திறந்தது. பக்கத்தில் முதலாளி.

மூடும்போது அது சும்மா இருப்பதில்லைங்க. எம்பாக்ஸ் முறையில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே கோப்பு. நீங்கள் அழித்த கடிதம் உடனே போகாது, அழிந்தது என்று குறி மட்டும் விழும். காம்பாக்ட் செய்யும்போதுதான் கோப்பைத் திரும்ப எழுதி இடத்தை மீட்கும். வெளியேறும்போது குப்பையைக் காலி செய் என்று டிக் போட்டிருந்தால் சர்வரோடும் பேச வேண்டும். நெட் இழுத்தால் அதுவும் இழுக்கும். அதனால் முதலில் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் வெறும் கில். அது 15ஆம் எண் சிக்னல், கிளம்பு என்று சொல்லிப் பார்ப்பது. 9 என்பது சிஸ்டத்தின் மையமான கர்னலே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது, கையில் இருப்பதைக் கீழே வைக்கக்கூட நேரம் தராது. தலைப்பு குழம்பிப் போனால் ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் இருக்கிறது, எந்தக் கடிதம் எங்கே என்று குறித்து வைக்கும் எம்எஸ்எஃப் அட்டவணையைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். ஓடுகிறவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டும் தண்டர்பேர்டு ப்ராசஸ் எதுவும் காணவில்லை என்றால் மட்டும், உங்கள் மெயில் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரில் 'ஆள் உள்ளே இருக்கிறார்' என்று சொல்லும் லாக்கை அழியுங்கள்.

லேப் அண்ணன், கோவை:

மேலே சொன்ன கடைசி வரியை நம்பி யாரும் இறங்கிவிடாதீர்கள். எங்கள் கல்லூரி லேபில் எல்லோருடைய ஹோம் ஃபோல்டரும் என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் பகிர்ந்து, சர்வரில் இருக்கிறது; எந்த மிஷினில் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள்தான். பிஎஸ் போட்டேன், ஒன்றும் இல்லை. அழிக்கப் போகிற நேரம் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் காட்டிய வரி கண்ணில் பட்டது. அந்த லாக் ஒரு சிம்லிங்க், வேறொன்றைச் சுட்டிக்காட்டும் குறிப்பு மட்டும். அது சுட்டுவது ஒரு ஐபி முகவரியையும் ஒரு ப்ராசஸ் எண்ணையும். முகவரி என் மிஷினுடையது இல்லை! மூன்றாவது வரிசைக்குப் போய், மதியம் நான் உட்கார்ந்திருந்த சீட்டில் மவுஸை அசைத்தேன். பாதி எழுதிய லீவ் லெட்டரோடு என் இன்பாக்ஸ். அழித்திருந்தால் இரண்டு தண்டர்பேர்டு ஒரே கோப்பில் எழுதியிருக்கும்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

நான் பயன்படுத்துவது எவல்யூஷன், மெயிலும் காலண்டரும் சேர்ந்த இன்னொரு மென்பொருள். மூடிய பிறகும் காலண்டர் ஃபேக்டரி, சோர்ஸ் ரெஜிஸ்ட்ரி என்று நாலைந்து பேர் பின்னால் ஓடுவதைப் பார்த்துக் கடுப்பாகி, தினமும் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தும் ஃபோர்ஸ் ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவை ஓட வேண்டியவைதான், நினைவூட்டல் அடிப்பதே அந்தக் கூட்டத்தில் ஒன்று என்று அப்போது தெரியாது. அம்மாவுக்குக் கண் டாக்டரிடம் போகிற நாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே அதே கம்ப்யூட்டரில் தேங்காய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கூப்பிடவும் இல்லை அவர், வேலையாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பனியன் ஊர், திருப்பூர்:

எந்த கில் என்று கேட்டவருக்கு: தெரியாதுங்க, போனில் ஒருவர் சொல்லச் சொல்ல அடித்தேன். வெட்டின 340 பீஸையும் ஒரு சைஸ் இறக்கித் திரும்ப வெட்டினோம். துணி போனது போனதுதான். மாஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கதவோரம் வந்தால் வெட்டிரலாங்களா என்று கேட்பதில்லை. "மெயில் தொறந்துச்சுங்களா?"