அண்ணன் தம்பி பாகம் பிரிக்கலாம், மாநிலம் பிரியக் கூடாதா?

கேள்வி (கல்லூரி மாணவன், மதுரை)

நேற்று ராத்திரி சிம்மக்கல் டீக்கடையில் பெரிய வாக்குவாதம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி 'என் பாகத்தைப் பிரித்துக் கொடு' என்றால் யாரும் மறுக்க முடியாது. ஒரு மாநிலம் அப்படிக் கேட்டால் மட்டும் ஏன் ஆகாது என்பது என் கட்சி. கேட்டாலே ஜெயில் என்கிறான் நண்பன். பந்தயம் ஒரு ஜிகர்தண்டா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பத்திர எழுத்தர், திருமங்கலம் பக்கம்)

தம்பி, முப்பது வருஷமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறேன். ஜிகர்தண்டாவை ஆளுக்குப் பாதியாகக் குடியுங்கள்.

பிரியும் உரிமை நம் நாட்டில் கிடையாது. மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேரவில்லை, அதனால் விலகவும் முடியாது என்று 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். அரசியலமைப்பில் இருக்கும் 'மாநிலங்களின் ஒன்றியம்' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். இன்னும் கேள்: 3ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தை நாடாளுமன்றம் இரண்டாக்கலாம். அந்தச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2014-இல் ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தும் தெலங்கானா வந்தது.

கேட்டாலே ஜெயிலா? 1962-இல் அண்ணா மாநிலங்களவையிலேயே திராவிட நாடு கேட்டுப் பேசினார். மறு வருஷம் 16ஆம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆனது; பேச்சுரிமைக்கும் அந்த வரம்பு வந்தது. திமுகவும் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் காலிஸ்தான் (சீக்கியருக்குத் தனி நாடு) வாழ்க என்று ஓரிரு முறை கோஷம் போட்டதற்காகத் தண்டனை பெற்றவர்களை, வெறும் கோஷம் தேசத்துரோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் விடுவித்தது. அதனால்தான் பாதி.

சட்டம் கிடக்கட்டும். போன தை மாதம் மூன்று ஏக்கர் பிரித்தோம். நிலத்தை நூல் பிடித்து அளந்தாயிற்று, கிணறு ஒன்றுதானே? திங்கள் முதல் புதன் வரை அண்ணன் மோட்டார் போடுவது, வியாழன் முதல் சனி வரை தம்பி. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதிலேயே ஆறு மாதம் இழுத்தது. நாட்டுக்கு எத்தனை கிணறு, எத்தனை கூட்டுறவுக் கடன் என்று யோசி.

பதில் (மேலூர்)

அண்ணே, எத்தியோப்பிய அரசியலமைப்பின் 39ஆம் பிரிவில் பிரியும் உரிமையை எழுதியே வைத்திருக்கிறார்களே? ஸ்காட்லாந்திலும் 2014-இல் ஓட்டு நடந்ததே?

பதில் (பத்திர எழுத்தர்)

எழுதி வைத்தாலும் வாசலில் பூட்டு இருக்கும் தம்பி. கரீபியனில் நெவிஸ் தீவில் 1998-இல் சுமார் 62 சதவீதம் பேர் பிரியலாம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று இருந்ததால் இன்னும் செயின்ட் கிட்ஸ் தீவோடு சேர்ந்தே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் லண்டன் ஒத்துக்கொண்டுதான் ஓட்டே நடந்தது. 55 சதவீதம் பேர் இருந்துவிடலாம் என்றார்கள்.

எனக்குப் பிடித்தது கனடா நீதிமன்றம் 1998-இல் சொன்னது. கியூபெக் மாகாணம் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால், மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். பஞ்சாயத்துக்கு வரமாட்டேன் என்று அண்ணன் முறுக்கிக்கொள்ள முடியாது. இப்படி எழுதத் தெரிந்தவரிடம் நான் தொழில் கற்றுக்கொள்ள ஆசை!

அங்கேயும் ஒரு சிக்கல். 1995-இல் பிரியலாமா என்று கியூபெக்கில் நடந்த ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால், அதே கியூபெக்கின் வடக்கே இருக்கும் கிரீ பழங்குடியினர் தனியாக ஓட்டுப் போட்டார்கள். 96 சதவீதம் பேர், நீங்கள் போனாலும் நாங்கள் கனடாவில்தான் என்றார்கள். தனக்குள் இருப்பவர்களைக் கேட்காமல் பாகம் கேட்பவரிடம் நான் கறாராகத்தான் இருப்பேன்.

பதில் (கேள்வி கேட்ட மாணவன்)

நன்றி அய்யா, ஆளுக்குப் பாதி குடித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியில் யாருக்கு?

பதில் (பத்திர எழுத்தர்)

அக்காவுக்கு. பாகம் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர், இவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தெற்கே ஒரு ஏக்கரும் போயிற்று.