அந்தரமாக் கிடக்கு, அதாவது மனம் பதறித் தவிக்கிறது: இதை ஆங்கிலத்தில் சொல்லப் போய் உங்களுக்கு என்ன நடந்தது?

நிலாவெளிப் பிள்ளை:
திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை, இது எனக்கு மூன்றாவது சீசன். புறாத்தீவுக்குப் படகு பேசுவது, கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. முந்தாநாள் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சொல்லி வைத்த படகு வரவில்லை. விடிய ஆறு மணிக்கு இரண்டு பேரும் தொப்பியும் துவாயுமாக வந்து நிற்கிறார்கள், படகுக்காரர் போன் எடுக்கவில்லை, எனக்குக் கை உதறத் தொடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கிற நினைப்பில் "ஐ ஆம் வெரி அஷேம்ட்" என்றேன். அந்த அம்மா உடனே என் கையைப் பிடித்து, நீ என்ன பிழை செய்தாய், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அவருக்கு முகமே மாறிவிட்டது. இதற்கு எம்பரஸ்ட் என்றால் போதும் என்று அவர்தான் பிறகு சொல்லித் தந்தார். எங்களுக்கு இரண்டும் வெட்கம்தானே? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

உப்புவெளி அக்கா:
எனக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது, தங்கச்சி. அம்மாவுக்கு ஒப்பரேஷன். முதல் நாள் இரவு முழுக்க நித்திரை இல்லை, "அந்தரமாக் கிடக்கு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை, அதனால் ஆங்கிலம். போனில் தேடி எடுத்த சொல்லை வைத்து, அம்மா அஜிடேட்டட் ஆக இருக்கிறார் என்றேன். அவர் வேகமாக எழும்பி, சேலைன் வயரைப் பிடுங்குகிறாரா, ஆட்களை அடிக்கிறாரா, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறாரா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அம்மாவோ கோணேசர் கோயில் திருநீற்றைப் பூசிக்கொண்டு, ஒடுங்கிப்போய், கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். வைத்தியர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் மனசுக்குள் இருப்பதை அல்ல, கண்ணுக்குத் தெரிகிற நடத்தையைச் சொல்கிறார்கள்: கட்டிலில் இருக்கமாட்டாமல் எழும்புவது, கத்துவது, கை ஓங்குவது. நான் சொல்லியிருக்க வேண்டியது அங்ஷியஸ், என்ன நடக்குமோ என்று மனசுக்குள் பதறுவது. அது விளங்கியதும் டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்து, நாளைக்கு என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். விடியப்புறம் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்தார். அந்தச் சொல்லைத் திருத்தாமல் விட்டிருந்தால் அம்மாவை அடக்குவதற்கு மருந்து கொடுத்திருப்பார்களோ என்று இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

மூதூர் தம்பி:
வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் படிவம். நேர்வஸ் டிஸ்ஓர்டர் உண்டா என்று ஒரு கேள்வி. உள்ளங்கை வியர்த்துப்போய் இருந்தேன், ஆம் என்று போட்டுவிட்டேன். நரம்பு வருத்தமா என்று திரும்பத் திரும்பப் பரிசோதித்து மூன்று கிழமை போய்விட்டது.

உவர்மலை ரீச்சர்:
தம்பி, அந்தச் சொல்லின் வேரே நரம்புதான், லத்தீன். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் முறுக்கேறிய பலசாலியைக்கூட நேர்வஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அங்ஷியஸுக்கு வேர் தொண்டையை நெரிப்பது, உப்புவெளிப் பிள்ளையின் அம்மாவுக்கு அன்றிரவு அதுதான் நடந்திருக்கும். எங்கள் அந்தரத்துக்குள் அவசரமும் இருக்கிறது, அந்தர ஆபத்துக்கு உதவுகிறவன் என்கிறோமே. அதனால்தான் சொல்லுக்குச் சொல் தேடினால் கைவிடுகிறது. எப்போது வந்த அந்தரம் என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு முதல் வந்தால் நேர்வஸ். நடுவில் நாக்கும் கையும் தடுமாறினால் ஃபிளஸ்டர்ட். நாலு பேர் பார்த்துவிட்ட பிறகு கூசினால் எம்பரஸ்ட். பிழையே நான் செய்தது என்று மனம் குத்தினால்தான் அஷேம்ட்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த நானே ஒருமுறை பிழை விட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பொடியனின் அறிக்கையில் ஷை என்று எழுதினேன், ஒரு தரம் அல்ல, மூன்று தவணையும். பிறகு ஒருநாள் மீன் சந்தையில் பார்த்தால், தகப்பனோடு நின்று அந்தச் சந்தையே கேட்கும்படி விலை கூவுகிறான். ஷை என்பது சுபாவம், அவனுக்கு அந்தச் சுபாவமே இல்லை. முதல் கிழமை வாசிக்கும்போது ஒரு சொல் திக்கியிருக்கிறது, வகுப்பே சிரித்திருக்கிறது, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. முழுசிக்கொண்டு நின்ற பிள்ளையின் குணத்தைப் பற்றி எழுதிவிட்டேன், அவனுக்கு நடந்ததை எழுதவில்லை. தகப்பனிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்தது அஷேம்ட்தான், தங்கச்சி, வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது.

நிலாவெளிப் பிள்ளை:
ரீச்சர், அப்படியென்றால் படகு வராத நேரம் எனக்கு வந்தது ஃபிளஸ்டர்ட். அவர்கள் நாளைக்குத்தான் போகிறார்கள், அந்த அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.