புதுப்பிப்பு: 9 ஸ்பீடு சங்கிலிக்கு எந்த குயிக் லிங்க்?
செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும் என் சைக்கிளின் 9 ஸ்பீடு (பின்சக்கரத்தில் 9 பல்சக்கரம்) சங்கிலிக்கு 10 ஸ்பீடு குயிக் லிங்க், அதாவது சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி, பொருந்துமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொருந்தாது. 9 ஸ்பீடு சங்கிலியின் வெளி அகலம் சுமார் 6.6 மி.மீ., 10 ஸ்பீடுக்கு சுமார் 5.9. குறுகிய லிங்க் போட்டால் அந்தக் கண்ணி இறுகி மடங்காது. மலையேற்றத்தில், முழு எடையும் பெடலில் இருக்கும்போது, இது ஆபத்து.

புனலூர் கடையில் கேஎம்சி கம்பெனியின் 9 ஸ்பீடு குயிக் லிங்க்கான மிஸ்ஸிங்லிங்க் கிடைத்தது. என் ஷிமானோ சங்கிலிக்குச் சரியாக உட்கார்ந்தது. கழற்றி மறுபடி மாட்டலாம். ஸ்ராம் கம்பெனியின் குயிக் லிங்க்கான பவர்லாக் அப்படி இல்லை, ஒருமுறைதான். மாட்டியதும் லிங்க்கைச் சங்கிலியின் மேல்பக்கம் கொண்டுவந்து, பின்சக்கர பிரேக்கைப் பிடித்து பெடலை அழுத்துங்கள். ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் 12 ஸ்பீடு வைத்திருப்பவர்கள் சங்கிலியின் கம்பெனிக்கும் லிங்க் பொருந்துமா என்று பார்த்தே வாங்குங்கள்.