கறுப்பு பெயிண்ட், காம்பவுண்டுக்குப் பிறகு மங்கல்: மெஷினை மாற்றணுமா?

கறுப்பு கார், கம்பெனி பெயிண்ட். வெயிலில் பானெட் முழுக்க சிலந்தி வலைக் கீறல். பாலிஷ் போட இருப்பது 15 மி.மீ. த்ரோ (பேட் வட்டமடிக்கும் அகலம்) டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் வட்டமடித்துக்கொண்டே சுழலும்), 5 இன்ச் பேட்.

வாஷ், கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) முடித்து ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் (கடைசியாகப் போடும் மென்மையான பாலிஷ்) போட்டேன், கீறல் அசையவில்லை. மைக்ரோஃபைபர் பேடும் காம்பவுண்டும் (கீறலைத் தேய்த்தெடுக்கும் கரடான பேஸ்ட்) வைத்ததும் கீறல் போய், வெளிறிய மங்கல் வந்துவிட்டது. மறுபடி ஃபினிஷிங் பாலிஷ் போட்டதில் சமதளத்தில் சரியானது. ஃபெண்டர் வளைவில் மட்டும் போகவில்லை. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கர் கோடு போட்டுப் பார்த்தால், அங்கே பேட் சுழலாமல் சும்மா அதிர்கிறது. அழுத்தத்தைக் குறைத்தும் அதே கதை.

வாக்ஸ் பூசி மறைக்கலாம்தான், அது கழுவக் கழுவப் போய்விடும். பெயிண்ட் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டைச் சும்மா தேய்க்கவும் பயம்.

வளைவுகளுக்கு 3 இன்ச் பேட் மெஷின் வாங்குவதா, அழுத்தினாலும் பேட் சுழற்சி நிற்காத ஃபோர்ஸ்டு ரொட்டேஷன் மெஷினா?