அரிவு வெட்டை வரைந்தால் கலண்டர் படமாகிறது, என்ன செய்யலாம்?

வரம்போரம்: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். காலபோக (மாரிமழைப் பருவ) நெல் அரிவு வெட்டை நிலக்காட்சியாக வரைகிறேன். இரணைமடு வாய்க்கால், வரம்பு, பனைகள் எல்லாம் சரி, ஆனால் ஆட்களை வைத்தவுடன் கலண்டர் படமாகிவிடுகிறது. வரிசையாகக் குனிந்த பெண்கள், சிரித்த முகம், பின்னால் சூரியன். ஆட்களைச் சிறிதாக்கினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், பெரிதாக்கினால் வயல் போய்விடுகிறது.

தூரிகைக்காரன்: பிளெமிஷ் ஓவியர் புரூகல் 1565இல் வரைந்த 'அறுவடை செய்வோர்' படத்தைப் பாருங்கோ, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வெட்டு நடக்கிறது, மறுபக்கம் மரத்தடியில் கொஞ்சப்பேர் சாப்பிடுகிறார்கள், ஒருவன் காலைப் பரப்பிக்கொண்டு நல்ல நித்திரை. அந்த நித்திரையைப் பார்த்தாலே எவ்வளவு வேலை செய்திருப்பான் என்று தெரியும். பின்னால் கடல் வரைக்கும் நிலம் போகிறது, ஆனாலும் ஆட்கள் தொலைந்துபோகவில்லை.

நெடுங்கேணி அக்கா: படம் நல்லதுதான் தம்பி, ஆனால் அப்படியே பார்த்து வரைந்துவிடாதையுங்கோ. அந்தக் கோதுமை நெஞ்சளவு உயரம், நீட்டுப் பிடி அரிவாளால் நின்றுகொண்டே வீசலாம். எங்கட நெல் குட்டை, இடக்கையால் பிடித்து அடியில் வெட்டி உப்பட்டியாக, சின்னச் சின்னக் குவியலாகப் போட்டுக்கொண்டு போகவேணும், நாரி நிமிராது. உடம்பை அரிக்கிற நெல்லுச் சுணைக்குப் பயந்து சட்டைக்கு மேலே ஆம்பிளையளின் பழைய நீட்டுக்கை சேட், தலையில் துவாய். முகமே தெரியாது, பிறகு சிரிப்பை எங்கே வரையிறது?

தூரிகைக்காரன்: அக்கா சொன்னது சரி. முகம் இல்லாமலும் வரையலாம். பிரெஞ்சு ஓவியர் மீலேயின் 'கதிர் பொறுக்குவோர்' (1857) படத்தில், வெட்டு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் மூன்று பெண்களின் முகமும் நிழலுக்குள்தான், முதுகும் கையும்தான் பேசுகின்றன. வெளிச்சமும் வைக்கோல் போரும் தூரத்தில், அங்கே குதிரையில் ஒரு மேற்பார்வைக்காரன். விளைச்சல் அவர்களுக்கு இல்லை என்று சொல்ல அந்தத் தூரமே போதும்.

வரம்போரம்: இப்ப எல்லாம் வெட்டு மெசின்தானே, கையால் வெட்டுவதை வரைந்தால் பழங்கதை என்று சொல்லமாட்டார்களா?

நெடுங்கேணி அக்கா: மழைக்குச் சாய்ந்த நெல்லிலும் தண்ணி நிற்கிற பள்ளக் காணியிலும் மெசின் புதையும், அங்கே இன்னும் கைதான். அந்த மூலையை வரையுங்கோ.

தூரிகைக்காரன்: மெசினையும் விடாதையுங்கோ, மீலே குதிரைக்காரனை வைத்த மாதிரித் தூரத்தில் சின்னதாக வையுங்கோ. நிறத்தை மட்டும் அடக்கி அடியுங்கோ, இல்லாவிட்டால் கண் அங்கேயே போய் நிற்கும்.