அம்மாவுக்கு எந்த வீடியோ மேக்னிஃபையர் சரிவரும்?

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மாக்குலர் டிஜெனரேஷன் (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் கண் நோய்), நடுப்பார்வை ரொம்பவே மங்கிவிட்டது, ஓரப்பார்வை பரவாயில்லை. பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் எழுத்து வளைகிறது, பளபளப்பான தாள் என்றால் வெளிச்சம் பட்டுக் கூசவும் செய்கிறது. அதனால் கேமராவும் திரையும் உள்ள வீடியோ மேக்னிஃபையர் வாங்கலாம் என்றிருக்கிறோம்.

கையில் பிடிக்கிற 5 அங்குலத் திரையா, மேசையில் வைக்கும் பெரியதா என்பதில்தான் குழப்பம். சின்னதில் 10 மடங்கு பெரிதாக்கினால் ஒரு தடவைக்குச் சில எழுத்துகள்தான் தெரியும், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது என்கிறார். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி பார்க்க அது போதும், சரி, ஒரு முழுக் கதை படிக்க? அவருக்குக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துதான் தெளிவாகத் தெரிகிறது (போன் கேமராவிலேயே நிறம் மாற்றிப் பார்த்தோம், கை நடுங்குவதால் படமும் சேர்ந்து ஆடுகிறது).

வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன். படத்தை அப்படியே நிறுத்தும் பொத்தானைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க முடிகிறதா? கேமராவுக்கு அடியில் கையெழுத்துப் போடும்போது திரையில் பேனா தாமதமாக நகர்கிறதா? மேசைக் கருவிக்குத் தாளை நகர்த்தும் தட்டு அவசியமா? அப்புறம், மாடல் பெயரை விட முக்கியமானது, வாங்கிக் கொஞ்ச நாள் கழித்தும் தினமும் பயன்படுத்துகிறீர்களா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.